பேப்பர் வெயிட்டுக்குள் ஐந்து காசுகள்

சாப்பாட்டு மேசையில் ஹேக்ஸா பிளேடு, பழைய துண்டு, ஒரு பேப்பர் வெயிட். வினோத் ஒரு மணி நேரமாக மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேப்பர் வெயிட் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக். தேங்காய் மூடி அளவு. உள்ளே ஐந்து பழைய காசுகள் மிதப்பதுபோல் பதிந்திருந்தன. காலையில் ஆவடியில் எத்திராஜின் காயலான் கடையில் வாங்கியது.

கடையில் வைத்து, நடுவில் இருந்த வெள்ளி ரூபாயைப் பார்த்ததுமே, யாருக்கோ பதில் அனுப்புவதுபோல் போனை எடுத்து விலையைத் தேடிவிட்டான். அதே வருடத்துக் காசுக்கு ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்டிருந்தார்.

"நல்லா வெயிட்டா கீது சார். ஒரு பேப்பர் பறக்காது. முந்நூத்தம்பது" என்றார் எத்திராஜ்.

வினோத் பேரம் வேறு பேசி ஐம்பது ரூபாய் குறைத்தான்.

"அறுங்களேன்" என்றாள் மனைவி நிவேதிதா.

"அறுத்தா நான் திருடன்."

"காசு குடுத்துத்தானே வாங்கினீங்க?"

"பேப்பர் வெயிட்டுக்குக் குடுத்தேன். உள்ள இருக்கறதுக்குக் குடுக்கலையே."

"இளநி வாங்கினா தண்ணிக்குத் தனியா குடுப்பீங்களா?"

வினோத் பிளேடை வைத்து ஒருமுறை இழுத்தான். பிளாஸ்டிக்கில் மெல்லிய கோடு விழுந்தது. எத்திராஜின் கிழிந்த பனியன் கண்முன் வந்தது. அதற்குமேல் கை ஓடவில்லை.

மாலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். எத்திராஜ் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒன்ற லட்சமா! எடைக்கு வந்த சாமான் சார். நீ சொல்லாங்காட்டி எனுக்கு இன்னா தெரியும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன்னாண்டயே இருக்கட்டும். மனசுக்குப் பட்டதக் குடு."

வினோத்தின் மனசுக்கு இருபதாயிரம் பட்டது. அங்கேயே போனில் அனுப்பினான்.

"இத நான் அறுக்கவே மாட்டேங்க. அப்படியே ஷோகேஸ்ல வெச்சுக்கறேன்."

"அறுக்காத சார்" என்று எத்திராஜ் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "பாவம், அது."

இன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வரப்போகிற நிம்மதியோடு வினோத் திருமுல்லைவாயிலுக்குத் திரும்பினான்.

பைக் சத்தம் ஓய்ந்ததும், கடையின் பின்கட்டிலிருந்து எத்திராஜின் மனைவி கமலம் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாயா, சண்டைக்கா வந்தான்?"

"சண்டைக்கு எவன் வர்றான்? அறுத்துப் பாத்தவன், நம்மள ஏமாத்தப் போனத வெளிய சொல்ல முடியாம முந்நூறோட ஒழியறான். இவன் அறுக்கல. இருபது குடுத்துட்டுப் போறான்."

"மகராசன், நல்லா இருக்கட்டும்" என்று மனதார வாழ்த்திவிட்டு, கமலம் அடுத்த அச்சில் ஐந்து தகரக் காசுகளை அடுக்கி, பிளாஸ்டிக் குழம்பை ஊற்ற ஆரம்பித்தாள்.