மூன்று சதுரம், ஒரு வட்டம்

காலி வீட்டைப் பார்க்கப் போனால் முதலில் தரையைப் பார்க்க வேண்டும். கனமான சாமான் நின்ற இடத்தில் தடம் விழுந்திருக்கும். முன்பு இருந்தவர்கள் எதை எங்கே வைத்தார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும். எனக்கு வேலை மாற்றல், நாட்டின் மறுகோடிக்கு. எங்கள் இரும்பு பீரோ அடங்குகிற வீடு வேண்டும். அதன் மூன்று கால்கள் சதுரம்; உடைந்துபோன நாலாவது காலுக்குப் பதிலாக மணல் நிரப்பிய வட்ட டப்பா.

முதல் வீட்டின் படுக்கையறை மூலையில் மூன்று சதுரத் தடமும் ஒரு வட்டத் தடமும் இருந்தன. டேப் வைத்து அளந்தேன். எங்கள் பீரோவின் அளவேதான். இரண்டாவது வீட்டிலும் அப்படியே. மூன்றாவதிலும், நாலாவதிலும்.

"ஏங்க, வீடு பாக்க வந்தீங்களா, தரைய மோந்து பாக்க வந்தீங்களா?" என்றாள் மனைவி. "நாளைக்கு ஊருக்குத் திரும்ப நமக்கு ரயில். இன்னிக்கு முடிவாகலைன்னா அந்த பீரோவுக்குள்ளதான் குடித்தனம்!"

ஐந்தாவது வீட்டில் பெயிண்ட் வாசனை போகவில்லை. "புத்தம்புது வீடு சார், இன்னும் யாருமே குடிவரலை," என்றார் தரகர். நான் மூலைக்குப் போய்க் குனிந்தேன்.

"இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"அப்ப எந்த வீடா இருந்தா என்ன? இதையே பேசி முடிங்க. எனக்குக் கால் விட்டுப்போச்சு."

பேசி முடித்தேன்.

மறுவாரம் பழைய வீட்டில் ஆட்கள் பீரோவைத் தூக்கினார்கள். பதினோரு வருடம் நின்ற இடம். நான் டேப்போடு குனிந்தேன். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தால் அங்கே மெல்லத் தடவிப் பார்த்தாள்.

தரை வழவழவென்று இருந்தது. ஒரு தடமும் இல்லை.