பச்சைப் பட்டை மெத்தை

“அம்மா, அது மெத்தை. சந்தையில பிடிச்ச கெடா இல்ல. இன்னும் எத்தனை தடவைதான் அமுக்கிப் பார்ப்பீங்க?”

கலீல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். ஷரபுன்னிசா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. முழங்கையை மெத்தையின் நடுவில் ஊன்றினாள். எடுத்தாள். பள்ளம் எழும்புகிறதா என்று குனிந்து பார்த்தாள்.

நிக்கா முடிந்து மாதம் ஒன்றுகூட ஆகவில்லை. பெண் வீட்டுச் சீரில் பாக்கி நின்றது மெத்தை மட்டும்தான். அதை உப்பிலியபுரம் பஸ்ஸின் கூரையில் கட்டி, திருச்சியில் இறக்கி, ஜட்காவில் ஏற்றி, நத்தர்ஷா பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார் சம்பந்தி அப்துல் மாலிக். வேட்டியெல்லாம் புழுதி. கொடுத்த மோரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

கதவோரம் புதுப்பெண் ரஷீதா. அவள் பக்கத்தில், ஜட்கா சத்தம் கேட்டு ஓடிவந்த எதிர்வீட்டு மஜீதா.

“ஜஹானாராவுக்கு இடுப்பு தேவலையா அண்ணே? பாவம், பெத்த மக நிக்காவைக்கூட வந்து பார்க்க முடியாமப் போச்சு,” என்றாள் ஷரபுன்னிசா, மெத்தையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எலும்பு கூடணுமே தங்கச்சி. எந்திரிக்க இன்னும் நாளாகும்னு வைத்தியர் சொல்றார். மத்தபடி சுகமா இருக்கா.”

“ம். தையல் நல்லா விழுந்திருக்கு. துணியும் அழுத்தமான துணி. இந்தப் பச்சைப் பட்டை கண்ணுக்குக் குளிர்ச்சியாத்தான் இருக்கு.”

அப்துல் மாலிக்குக்கு மூச்சு வந்தது. மோரை ஒரு வாய் குடித்தார்.

“ஆனா வெளித்துணியைப் பார்த்து மெத்தை வாங்குறவ நான் இல்ல. எங்க அத்தா மெத்தைக் கடை வெச்சிருந்தவர். ரஷீதா, ஊசி நூலும் ஒரு சொம்புத் தண்ணியும் கொண்டா.”

“அம்மா! மாமா வெயில்ல வந்திருக்கார். உட்காரக்கூடச் சொல்லாம...”

“மெத்தை மேலயா உட்காரச் சொல்றே? தள்ளு.”

மூலைத் தையலைப் பிரித்தாள். மணிக்கட்டு வரை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி பஞ்சை இழுத்தாள். கொஞ்சம் கிள்ளிச் சொம்புக்குள் போட்டு அழுத்தினாள். விரலை எடுத்ததும் மேலே வந்து மிதந்தது.

“இலவம்பஞ்சுதான். பருத்திக் கலப்பு இல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் அப்துல் மாலிக்.

மீதிப் பஞ்சை மூக்கருகே கொண்டுபோனாள் ஷரபுன்னிசா. முகர்ந்தாள். திரும்பவும் முகர்ந்தாள். பிறகு பஞ்சை உள்ளே திணித்து, பிரித்த மூலையைத் தானே தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“இந்த மெத்தை வேண்டாம்ணே. எடுத்துட்டுப் போயிடுங்க.”

“தங்கச்சி! பஞ்சு நல்லாருக்குன்னுதானே...”

“பஞ்சுல ஒரு குத்தமும் இல்ல. இந்தப் பச்சைப் பட்டை பிடிக்கலை.”

மஜீதா களுக்கென்று சிரித்துவிட்டாள். “இப்பத்தானேக்கா கண்ணுக்குக் குளிர்ச்சின்னீங்க?”

“இப்போ உறுத்துது.”

“விரிப்பு போட்டா எந்தப் பட்டை தெரியப் போகுது?” என்று கத்தினான் கலீல்.

அப்துல் மாலிக் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “விடுங்க மாப்பிள்ளை. தங்கச்சி, மேலே போட மெல்லிசா இன்னொரு மெத்தை தைச்சுக் கொண்டாந்துடறேன். பட்டையும் தெரியாது. படுக்கவும் மெத்துனு இருக்கும்.”

“எதுக்கு? மேலே ஒண்ணைப் போட்டு மூடிட்டா, அடியில இருக்கிறது இல்லைன்னு ஆயிடுமா?”

“அப்ப வேற மெத்தையே...”

“வேறயும் வேண்டாம். இனிமே இந்த வீட்டு மெத்தையை என் கண் முன்னாலதான் தைக்கணும். அடுத்தவங்க தைச்சு அனுப்புறது எனக்கு ஒத்துவராது.”

“மெத்தை வரலைன்னா, எம் மக இந்தச் சந்துல எப்படித் தலைநிமிர்ந்து நடப்பா தங்கச்சி?”

“அவ தலையை நான் பார்த்துக்கிறேன். டேய், போய் ஜட்காவைக் கூப்பிடு. மத்தியான பஸ் போயிடப் போகுது.”

ரஷீதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். “வானத்துலேர்ந்து மலக்கு இறங்கிவந்து தைச்சுக் கொடுத்தாலும் இந்தக்கா ஒரு பிசிறு கண்டுபிடிப்பாங்க,” என்று சந்துக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள் மஜீதா.

ஜட்கா கிளம்பியது. சுருட்டிக் கட்டிய மெத்தையை அணைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அப்துல் மாலிக் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கலீல் உள்ளே வந்து வெடித்தான்.

“உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? இத்தனை பேர் பார்க்க அந்த மனுஷரை மெத்தையோட திருப்பி அனுப்பிட்டீங்களே! உள்ள ஒருத்தி தேம்பிக்கிட்டிருக்கா. பச்சைப் பட்டையாம், உறுத்துதாம்!”

ஷரபுன்னிசா கதவைச் சாத்தினாள். பஞ்சைப் பிடித்த விரல்களை மகனின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“மோந்து பாரு.”

முகம் சுளித்துக்கொண்டே முகர்ந்தான். “தைலம்... வாதத் தைலம்.”

“மெதுவாப் பேசு, அவளுக்குக் கேட்டுடப் போகுது. துணிதான்டா புதுசு. பொழுது சாயறதுக்குள்ள அந்த மெத்தை திரும்ப அவங்கம்மா இடுப்புக்கு அடியில போய்ச் சேரணும்.”