இன்றைய பத்துப் பக்கம்

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பென்சிலால் ஒரு புள்ளி. அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடம்.

பேனாவை மூடி வைத்தாள். முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

பத்திரம் எழுதுபவர் பக்கத்தில் இருந்த அவள் அண்ணன் தண்டபாணியைப் பார்த்தார். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். எதிரே பதிவு அலுவலகத்தில் பதினோரு மணிக்கு டோக்கன்.

"அதையெல்லாம் படிச்சா நேரம் போயிரும் கண்ணு. பட்டா மாத்தறதுக்குத்தான். போடு," என்றான்.

யார் சொல்வது பாருங்கள்.

குடும்ப வாட்ஸப் குழுவைத் தொடங்கியவனே அவன்தான். தினம் பத்துப் பக்கம் படிக்கணும். பிடித்த பக்கத்தைப் படம் எடுத்துப் போடணும். படிக்கிற பழக்கம் இருந்தால்தான் ஆளும் வளரும், காசும் வளரும் என்று காலை ஐந்தரைக்கே பாடம். யார் எதைப் போட்டாலும் முதல் கைதட்டு அவனுடையது.

அவள் புது வீட்டுக்கு அவனிடமிருந்து சீர் வரவில்லை. பணம் சேர்ப்பதைப் பற்றி மூன்று புத்தகம் வந்தது.

அவள் அதையும் படித்தாள். குக்கர் விசிலுக்கு நடுவே, பஸ்ஸில் நின்றுகொண்டு, ஒரு நாள் விடாமல். படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதே என்று இரண்டாவது புத்தகத்தில் இருந்தது.

ஆறாம் பக்கத்தில் நின்றாள்.

அப்பாவின் நாலு ஏக்கரில் தன் பாதியை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறாளாம். பாசத்தின் பேரில். முழு மனதோடு. படித்துப் பார்த்து.

பட்டாவாம், பட்டா. இது விடுதலைப் பத்திரம்.

வாய்விட்டுக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளோ என்னவோ. கேட்கக்கூட இல்லை. படிக்க மாட்டாள் என்று நினைத்திருக்கிறான்.

அதுவும் இவன்.

ஏழு. எட்டு. ஒன்பது. பத்தாம் பக்கத்தின் கடைசி வரிவரை படித்தாள்.

பாக்கி நாலு பக்கம் இருந்தது. இருக்கட்டும்.

ஆறாம் பக்கத்துக்குப் புரட்டி வைத்துப் போனில் படம் பிடித்தாள். மாமா, சித்தப்பா, பெரியம்மா, அவனுடைய மாமனார் என்று முப்பத்தோரு பேர் இருக்கிற குழு.

இன்றைய பத்துப் பக்கம் முடிந்தது என்று தட்டிப் படத்தோடு அனுப்பினாள்.

அண்ணனின் சட்டைப்பையில் மணி அடித்தது.

பழக்கம் விடுமா. கைதட்டுவதற்காகப் போனை எடுத்தான்.