தரையை விடாத கால்

எடிட்டிங் அறையின் திரைச்சீலை இடுக்கில் நுழைந்த மதிய வெயில் தரையில் ஒரு கோடாகக் கிடக்கிறது. இயக்குநரான தம்பி படச்சுருளைக் கையால் சுற்றி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துகிறான். சின்னத் திரையில் அவனுடைய அக்கா நடக்கிறாள். வேகநடைப் போட்டி, எந்நேரமும் ஒரு காலாவது தரையில் இருந்தாக வேண்டும். இதே சுற்றில்தான், இரண்டு காலும் தூக்கினாள் என்று சிவப்பு அட்டை காட்டி அவளை வெளியேற்றினார்கள். தம்பிக்கோ தன் படத்துக்கு அவள் அந்தரத்தில் நிற்கும் ஒரே ஒரு ஃபிரேம் வேண்டும். இடுப்பு வளைகிறது, முழங்கை பின்னால் போகிறது, பெருவிரல் தரையை விடுமுன் மறு குதிகால் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆயிரத்து நானூறு ஃபிரேம். எதிலும் அவள் பறக்கவில்லை. “இன்னும் நல்லா தேடுடா” என்கிறாள் பின்னால் நிற்கும் அக்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. அவன் விடுவதாக இல்லை. “ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கேமரா கண்ணை மூடிக்கும்க்கா. அப்பப் பறந்திருப்பே.” அவள் செருப்பைக் கழற்றுகிறாள். காய்த்துப்போன குதிகாலை வெயில் கோட்டின்மேல் அழுத்தி ஊன்றுகிறாள். “அது கண்ணை மூடுனப்பவும் நான் நடந்துக்கிட்டுதான்டா இருந்தேன்.”