எழுபது கிராம் பொய்

"நானூத்திப் பத்துங்கிறத முந்நூத்தி நாப்பதுன்னு மாத்தி எழுதுங்க பிள்ள. எழுபது கிராம்தானே!"

வட்டகொடைக்கு மேலேயுள்ள தோட்டத் தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் கோகுலராஜ் கெஞ்சினார்.

கிளார்க் சுலக்ஷனா பேனாவை மூடி வைத்தாள். "பொய் எழுத மாட்டேன் சேர்."

"ஒரு கிலோ தேயிலைக்கு முந்நூத்தம்பது கிராம் காபன் புகைக்கு மேல போனா ஆர்டர் இல்லன்னுட்டான் வெளிநாட்டுக்காரன். ஆர்டர் போச்சுன்னா ஃபேக்டரிய மூடிட்டு, கொழுந்தப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஏத்திருவாங்க. எம்பது பேரு எங்க போவாங்க? ஒங்கம்மாவும் இங்கதானே தூள் சலிக்கிறாங்க!"

அந்தக் கடைசி வார்த்தை அவளைச் சாய்த்துவிட்டது.

தொழிற்சாலை ஓடுவது நாட்டு மின்சாரத்தில். அதற்காக எங்கோ எரிகிற நிலக்கரிக்கும் டீசலுக்கும் இவர்கள் கணக்குச் சொல்ல வேண்டும். என்ன அநியாயம்! பேனாவைத் திறந்து மாற்றி எழுதினாள்.

பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து ஷப்னா வந்து இறங்கினாள். வெளிநாட்டுக் கம்பனிக்காகக் கணக்கைச் சரிபார்க்கிறவள். கொடுத்த பிளேன்டீயைத் தொடக்கூட இல்லை.

"கரண்ட் பில் எல்லாத்தையும் கொண்டு வாங்க."

போச்சுடா! கோகுலராஜ் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

ஷப்னா ஒவ்வொரு பில்லாகப் பார்த்து ஃபோனில் தட்டினாள். மறுபடியும் முதலிலிருந்து தட்டினாள். நிமிர்ந்தாள்.

"இந்த முந்நூத்தி நாப்பது பிழை."

சுலக்ஷனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மிஸ்... நான்தான்..."

"இருநூத்தித் தொண்ணூறுதான் வருது!"

இருவரும் வாயைப் பிளந்தார்கள்.

"நீங்க பத்து வருஷத்துக்கு முந்தின அளவ வச்சுக் கணக்குப் போட்டிருக்கீங்க போல. இப்ப நாட்டுக் கரண்டுல ஆத்துத் தண்ணி, வெயில், காத்து எல்லாம் கூடிப்போச்சு. நிலக்கரி, டீசல் கொறைஞ்சு, ஒவ்வொரு யூனிட்டுக்கும் காபன் எறங்கிருச்சு. ஆர்டர் உங்களுக்குத்தான்!"

"அடி சக்க!" கோகுலராஜ் மேசையில் ஓங்கி அடித்தார். செய்தி பரவி, இலை வாட்டும் மாடிவரை விசில் பறந்தது. சுலக்ஷனாவின் அம்மா சல்லடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள்.

ஷப்னா எழுந்து சுலக்ஷனாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"எல்லா ஃபேக்டரியிலயும் கணக்கக் கொறைச்சு எழுதித்தான் ஏமாத்தப் பாப்பாங்க. தனக்கே பாதகமா கூட்டி எழுதின நேர்மையான ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்!"