இரண்டாவது ஆள்

"ரூம்ல ரெண்டு பேர்னு போட்டிருக்கு. அந்த ரெண்டாவது ஆள் யாருப்பா?"

முதலாளி சுப்புராயன் இப்படிக் கேட்டதும் சேரன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆழ்வார்பேட்டையில் டவல் ஏற்றுமதி செய்யும் சின்னக் கம்பெனி அது. போன மாதம் ஆம்ஸ்டர்டாமில் நடந்த கண்காட்சிக்கு அனுப்பப்பட்டவன் சேரன். ஹோட்டல் பில்லில் பிடித்த வரியை அந்த ஊர் அரசாங்கத்திடம் திருப்பிக் கேட்கலாம். ஆனால் பில் கம்பெனி பேரில் இருக்க வேண்டும். தங்கியவரும் கம்பெனி வேலையாகப் போனவராக இருக்க வேண்டும். அந்த வரியை வாங்கித் தரும் ஏஜென்ட்தான் இன்று போன் செய்து, "தங்கின ரெண்டு பேருமே உங்க ஸ்டாஃபா சார்?" என்று கேட்டிருந்தார்.

"கூடுதலா ஆனதை நான் கையில இருந்து கட்டிட்டேன் சார்."

"அதை யாருய்யா கேட்டா? ஆளைக் கேக்குறேன்."

"சொல்ல முடியாது சார். சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"பொண்ணா?"

சேரனுக்குக் காது சிவந்தது.

சுப்புராயனுக்கு மனசே விட்டுப்போயிற்று. அவர் வேறு ஒரு திட்டம் வைத்திருந்தார். எதிர் மேஜையில் கம்ப்யூட்டருக்குள் முகத்தைப் புதைத்திருக்கிறாளே ரத்னா, அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவள், அவளுக்கு இந்தப் பையனைக் கட்டிவைக்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. அவள் அப்பா பொன்னுரங்கம் நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிறவர். மூக்குக்கு மேல் கோபம். சுப்புராயன் பேச்சுக்கு மட்டும் கொஞ்சம் அடங்குவார். இந்த ஞாயிறு வஞ்சிரம் வாங்கப் போகும்போது மெல்லப் பேச்சை எடுக்கலாம் என்று இருந்தார். இனி எந்த முகத்தோடு போவது?

"தனியா பில் வாங்கியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா? அந்தப் புத்திகூடவா இல்ல?"

"கம்பெனி பேர்ல இல்லாம ஒரு பில்லும் வரக்கூடாதுன்னு ரத்னா மேடம் படிச்சுப் படிச்சு சொன்னாங்க சார். அந்த பயத்துல மொத்தத்தையும் கம்பெனி பேர்லயே வாங்கிட்டேன்."

"அவ சொன்னது வேலைக்குய்யா! நீ அடிச்ச கூத்துக்கு இல்ல!"

ரத்னா நிமிரவில்லை. பாவம், இந்தப் பெண் காதிலா இதெல்லாம் விழ வேண்டும் என்று சுப்புராயனுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"கடைசியா கேக்குறேன். பேரைச் சொல்லு. இல்லைன்னா நாளையில இருந்து வேலைக்கு வராதே."

சேரன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். "மன்னிச்சிடுங்க சார். வரேன்."

அவன் இப்படிச் செய்வான் என்று சுப்புராயன் நினைக்கவே இல்லை. மகன் மாதிரி வளர்த்த பையன்.

"ஒரு நிமிஷம் சார்." ரத்னா எழுந்து வந்தாள். "ஏஜென்ட்டுக்குப் பதில் அனுப்பணும். வரியில பாதியைத்தான் கேக்க முடியும்."

"புரியுதும்மா. ரெண்டாவது ஆள் நம்ம ஸ்டாஃப் இல்லைன்னு எழுதிடு."

"அது பொய் சார். ஸ்டாஃப்தான். ஆனா கம்பெனி வேலையா போகல. லீவு போட்டுட்டுப் போனது."

"நம்ம ஸ்டாஃபா? யாரும்மா அது?"

ரத்னா அந்த அடையாள அட்டையை எடுத்து மறுபடியும் சேரன் கழுத்தில் மாட்டினாள். பிறகு சுடிதாருக்குள் மறைத்திருந்த மஞ்சள் கயிற்றை எடுத்து வெளியே போட்டாள்.

"போன மாசம் கடலூர்ல சித்தி பொண்ணு கல்யாணம்னு உங்ககிட்ட லீவு வாங்கினேனே சார்... ஞாயித்துக்கிழமை மீன் வாங்க வரும்போது, அப்பாகிட்ட நீங்கதான் பேசணும்."