பெல்ட் கழற்றிய பெடல்

2017 ஜூன் மாதம், காலை பத்து மணி. ஆறு ரவிக்கைகள் காத்திருக்க, டெய்லர் பிச்சாண்டியின் தையல் மிஷினில் மோட்டார் பொருத்தினார்கள். பெல்ட்டைக் கழற்றியதும் பெடலுக்கு வேலை போனது.

"பெருசு, இனிமே நீ பழைய இரும்புதான்," என்றது மோட்டார்.

"இருபத்தாறு வருஷம் தம்பி. செருப்பைக் கழற்றிட்டு, ரேடியோ பாட்டுக்குத் தாளம் போட்டுக்கிட்டே மிதிப்பார்," என்றது பெடல்.

ஒரே வருடத்தில் பிச்சாண்டிக்கு நரம்பு சுருட்டல் வந்தது. கெண்டைக்காலில் நரம்புகள் புடைத்தன. சாயங்காலம் வீங்கிய காலில் செருப்பு நுழையாமல், அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

பழைய இரும்புக்காரர் பெடலைக் கழற்ற வந்தபோது பிச்சாண்டி தடுத்தார்.

"விட்டுடுங்க. கெண்டைச் சதை அசைஞ்சாத்தான் ரத்தம் மேலே ஏறும்னு டாக்டர் சொல்றார்."

டாக்டர் தந்த இறுக்கமான காலுறையோடு பெடலில் பாதம் வைத்தார். ரேடியோவில் பழைய பாட்டு ஓடியது. மிதித்தார்.

"பெல்ட்டே இல்லாம எதைத் தைக்கிறே பெருசு?" என்றது மோட்டார்.

"நீ துணியைப் பாரு தம்பி. நான் அவரைப் பாத்துக்கறேன்."

2019 மார்ச் 4, திங்கட்கிழமை, இரவு ஏழு மணிக்குக் கடையைப் பூட்டிய பிச்சாண்டி, செருப்பு போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.